விருப்பமில்லை என்னும் குறிப்பு

நம் சித்தப்பாவின் மருத்துவக் கோப்பில் ‘வீட்டிற்குச் செல்ல விருப்பமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. நீல மையால் எழுதி, கீழே தேதியும் சுருக்கொப்பமும் இட்டிருந்தார்கள். ஆண்டு 2013. அவர் அந்த மனநல மருத்துவமனைக்குள் சென்று அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வரி பொய்யன்று. நம் கண்முன்னேதான் கேட்டார்கள், அவரும் சொன்னார். “வேண்டாம் சார், இங்கனயே இருந்துக்கிறேன்” என்பது அவர் சொன்ன சொல். கேட்டவர் ஓர் இளம் மருத்துவர். பக்கத்தில் நின்றவர்கள் நாமும் நம் தந்தையாரும். திரும்பும் வழியில் பேருந்து நிலையத்துக் கடையில் தேநீர் அருந்தியபோது தந்தையார், “நாம என்ன செய்ய முடியும், அவனே வேண்டாங்கிறான்” என்றார். அவர் குரலில் துயரம் இருந்தது. துயரத்தின் அடியில் ஓர் ஆறுதலும் இருந்தது. நமக்கும் அந்த ஆறுதல் இருந்தது என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. குறை அதன்மேல் அன்று.

நீண்டகாலம் மனநல மருத்துவமனையில் தங்கிவிட்டவர்கள், நோய் தணிந்து, மருத்துவரே ‘போகலாம்’ என்று சொன்ன பின்பும் போக மறுப்பதுண்டு. இதற்கு இருவகை விளக்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். நோய் இன்னும் தீரவில்லை, அதனால்தான் மறுக்கிறார்கள் என்பது ஒன்று. வேளைக்குச் சோறும் படுக்கப் பாயும் கிடைக்கின்றன, சுகம் கண்டுவிட்டார்கள் என்பது மற்றொன்று. முன்னது பழியை மூளையின் மீது போடுகிறது. பின்னது குணத்தின் மீது போடுகிறது. வெளியில் இருக்கும் நமக்கு இரண்டுமே வசதியானவை. நம் கருத்து வேறு. அந்த ‘வேண்டாம்’ ஒருவர் உள்ளத்தில் தானாக முளைத்த விருப்பமின்மை அன்று. கேட்ட கேள்விக்கும், கேட்ட ஆட்களுக்கும், யாருமே எதையுமே கேட்காமல் கழிந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து அவர் சொல்லும் விடை அது. கேள்வியை மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் விடையும் மாறிவிடும்.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டுமன்று. இந்திய நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உள்நோயாளிகளில் 36.25 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருப்பதாகக் கணக்கிட்டது. மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகம். சுரத்திற்கோ எலும்பு முறிவிற்கோ மருத்துவமனை சென்றவர் ஓராண்டு திரும்பவில்லை என்றால் ஊரே கூடிக் கேட்கும். இங்கே அப்படிக் கேட்பார் இல்லை.

தமிழ்நாட்டில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது சென்னையின் ஒரு பகுதிக்குப் பெயராக மட்டும் நிற்கவில்லை. 1794இல் வாலன்டைன் கொனொலி என்னும் கம்பெனி மருத்துவர் தொடங்கிய புகலிடம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிறகு அந்த ஊர்ப்பெயரே மெல்ல மெல்ல வசைச்சொல் ஆயிற்று. வகுப்பறையில் மாணவன் மாணவனைக் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்கிறான். திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் அதைச் சொல்ல அரங்கம் சிரிக்கிறது. நாமும் சிரித்திருக்கிறோம். உள்ளே இருப்பவருக்கு இந்தச் சொல் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நோய்ப்படுவதற்கு முன்பு அவரும் இதே சொல்லைச் சொல்லிச் சிரித்தவர்தான். வெளியே வந்தால் தன்னை எந்தப் பெயரிட்டு அழைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்தத் தயக்கத்தை மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. இங்கிலாந்தில் ரஸ்ஸல் பார்ட்டன் என்னும் மனநல மருத்துவர் 1959இல் ஒரு சிறு நூல் எழுதினார். நீண்டகால நோயாளிகளிடம் காணும் ஊக்கமின்மை, தலைகுனிந்த நடை, எதையும் கேளாமை ஆகியவற்றை மூலநோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, மருத்துவமனை வாழ்வே தரும் இரண்டாவது நோய் என்று அவற்றைப் பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். வெளியுலகத் தொடர்பு அறுதல், வேலையின்றிக் கிடத்தல், பணியாளர்களின் அதட்டல், சொந்தப் பொருள்களும் நண்பர்களும் இல்லாமற் போதல், வெளியே வாழ்வுண்டு என்ற எண்ணமே தேய்தல் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு போனார். இரண்டாண்டு கழித்து எர்விங் கோஃப்மன் என்னும் சமூகவியலாளர், வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத் மருத்துவமனையில் தாம் நேரில் கண்டவற்றை நூலாக்கினார். அதில் நம்மை நிறுத்திய இடம் உள்ளே நுழையும் சடங்கு. உடையை வாங்கிக்கொள்கிறார்கள், உடைமையை வாங்கிக்கொள்கிறார்கள், பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் வருகிறது. ஒருவர் ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள ஆதாரமாக இருந்தவை முதல் நாளிலேயே வாசலில் கழற்றப்படுகின்றன.

ஆயினும் நம் பொருளுக்கு மிக நெருங்கியது ஜான் விங் என்பவரின் ஆய்வு. 1960களின் தொடக்கத்தில் அவர் மனச்சிதைவு நோயுடன் நெடுநாள் தங்கியிருந்தவர்களிடம், வெளியேற விருப்பமா என்று கேட்டுப் பதிந்தார். தங்கிய ஆண்டுகள் கூடக் கூட வெளியேறும் விருப்பம் குறைந்துகொண்டே வந்தது. நோய்க்குறிகள் அதே கணக்கில் கூடவில்லை. அதாவது விருப்பம் குறைவதற்கும் நோய் முற்றுவதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. பின்னர் ஜார்ஜ் பிரவுனுடன் சேர்ந்து மூன்று மருத்துவமனைகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டு 1970இல் நூலாக வெளியிட்டபோது, ஒன்றும் செய்யாமல் வெறுமனே இருக்கும் நேரத்தின் அளவே நோயாளியின் நிலையோடு மிக நெருங்கிப் பிணைந்திருப்பதாகக் கண்டார்கள்.

இந்த ஆய்வைப் பற்றி நாம் படிக்கும்போது அதற்கான சான்று நம் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. 2016இல் தந்தையார் மறைந்த பின்பு அதைத் திறந்தோம். சித்தப்பா எழுதிய இன்லண்டு கடிதங்கள் நூல்கட்டி வைக்கப்பட்டிருந்தன. மொத்தம் 14. முதலாண்டில் எழுதியவை ஏழு; ஒவ்வொன்றிலும் ‘எப்போது வந்து அழைத்துச் செல்வீர்கள்’ என்ற கேள்வி, முதல் கடிதத்தில் மூன்று முறை. அடுத்த ஆண்டு நான்கு கடிதங்கள். கேள்வி ‘பொங்கலுக்காவது வரலாமா’ என்று சுருங்கிவிட்டது. மூன்றாம் ஆண்டில் இரண்டு. 1995இல் வந்த கடைசிக் கடிதத்தில் கேள்வியே இல்லை. ஒரு துண்டும் லைஃபாய் சோப்பும் கேட்டிருந்தார். அவ்வளவுதான். ‘வேண்டாம்’ என்பதை அவர் 2013இல் சொல்லவில்லை. நான்காண்டு எடுத்துக்கொண்டு, விடை வராத கடிதம் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக, 1995க்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஏமாந்தவர் ஒரு கட்டத்தில் ஆசையை நிறுத்திக்கொள்கிறார். இது சோம்பலன்று, தற்காப்பு. புண்பட்ட விரலை மடக்கி வைத்துக்கொள்வது போல விருப்பத்தை மடக்கி வைத்துக்கொள்கிறார். 22 ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் திடீரென ‘வீட்டுக்குப் போறீங்களா’ என்றால், மடக்கிய விரல் அந்த நொடியே நிமிர்ந்துவிடுமா?

நிற்க. அவருக்கு இழைக்கப்பட்டதில் சட்டத்தின் பங்கும் உண்டு. அவரை 1991இல் நீதிமன்ற ஆணை பெற்றுச் சேர்த்தார்கள். அப்போது நடைமுறையில் இருந்தது வெள்ளையர் காலத்து 1912ஆம் ஆண்டுச் சட்டம்; அதன் பெயரிலேயே பித்து என்ற சொல் இருந்தது. 1987இல் இயற்றிய புதிய சட்டம் 1993 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. மனநோயாளி நீதிபதியின் முன் நிறுத்தப்படுவதை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள் என்று ஊரில் நெடுநாள் பேச்சிருந்தது. ஜீப் அன்று, வாடகைக் கார். ஆனால் பேச்சு ஜீப்பாகவே நின்றுவிட்டது. 1996இல் நாம் ஊரை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்தோம். மருத்துவமனைக்குப் புது முகவரி தெரிவிக்கப்படவில்லை. மறந்துபோயிற்று என்றே வீட்டில் சொல்வார்கள். 2013இல் அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒருவர் ஊர்த் தபால்காரரைப் பிடித்து, அவர் வழியாக நம்மைக் கண்டுபிடித்தார். அதனால்தான் அந்தச் சந்திப்பே நிகழ்ந்தது.

அன்று அவர் நம் தந்தையாரிடம் கேட்ட முதற்கேள்வி, “அம்மா நல்லாருக்காங்களாண்ணே?” என்பது. பாட்டி 1998இலேயே இறந்துவிட்டார். தந்தையார் ஒரு கணம் தயங்கி, “இருக்காங்க” என்றார். சித்தப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் நம்பினாரா, நம்பாமலேயே விட்டுவிட்டாரா என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 22 ஆண்டு கழித்து வீடு திரும்புவது என்பது 22 ஆண்டுச் சாவுகளையும் ஒரே நாளில் கேட்டுக்கொள்வது. உள்ளே இருக்கும் வரை வீடு 1991இல் நிற்கிறது: அம்மா அடுப்படியில் இருக்கிறாள், கிணற்றடியில் முருங்கை நிற்கிறது, அண்ணன் மகன் அரைக்கால் சட்டை போட்டிருக்கிறான். வாசலைத் தாண்டினால் இவை அத்தனையும் போய்விடும். வார்டின் கட்டில் அவருக்கு அந்த வீட்டைப் பாதுகாத்துக் கொடுத்தது. இந்த அச்சத்திற்கு மனநல நூல்களில் என்ன பெயர் என்பது நமக்குத் தெரியவேண்டுவதில்லை. சாவுச் செய்தியுடன் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது கேள்வி நம் தமக்கையைப் பற்றியது. “பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” ஆயிற்று, 2008இல். மாப்பிள்ளை வீட்டாரிடம், தந்தையாரின் ஒரே தம்பி வடக்கே வேலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தோம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லவேண்டியதும் இல்லை. தான் திரும்பினால் வீட்டில் யாருக்கு என்ன நேரும் என்ற கணக்கு அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மருத்துவரிடம் அவர் ‘வேண்டாம்’ என்றபோது பார்த்தது மருத்துவரை அன்று, அண்ணனை. கேட்கப்பட்டது அவர் விருப்பம். அவர் சொன்னதோ நம் விருப்பம். கோப்பில் எழுதப்பட்டது அவர் பெயரில்.

உடல் சார்ந்த, நடைமுறை சார்ந்த அச்சங்களும் உண்டு. மாத்திரை வெளியே ஒழுங்காகக் கிடைக்குமா, நோய் முதன்முதலில் வந்த அதே வீட்டில் மறுபடி வருமா என்பன போன்றவை. இவை எளிதில் விளங்குபவை. பணம் பற்றிய அச்சம் மட்டும் நமக்குப் புதிதாக இருந்தது. அன்று ஒரு பத்து ரூபாய் நாணயத்தை அவர் கையில் கொடுத்தோம். வெளியும் உள்ளும் இரு நிறமாக இருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது செல்லுமா?” என்றார். அவர் அறிந்த பத்து ரூபாய் தாளில் இருந்தது. ஒரு தேநீரின் விலை தெரியாதவர், பேருந்தில் எவ்வளவு நீட்டுவது என்று தெரியாதவர், வெளியே போக விருப்பமா என்ற கேள்விக்கு எந்த உலகத்தை நினைத்து விடை சொல்வார்?

இன்னொன்றை நாம் அன்று காணவே இல்லை. உள்ளே அவருக்கு ஓர் இடம் இருந்தது. வார்டின் தண்ணீர்ப் பானைகளை நிரப்புவது அவர் பொறுப்பு. முதியவர்களுக்கு நகம் வெட்டிவிடுவார். புதிதாக வருபவருக்கு எந்தக் கட்டிலில் மின்விசிறிக் காற்று வரும், எந்தப் பணியாளர் கோபக்காரர் என்று சொல்லித் தருவார். வெளியே நாம் அவருக்கு வைத்திருந்தது என்ன? மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, விருந்தினர் வரும்போது சாத்திவைக்க ஒரு கதவு. அண்ணன் வீட்டில் அவர் ‘அவன்’. வார்டில் அவர் ‘அண்ணாச்சி’. நாம் அவர் இடத்தில் இருந்தால் எதைத் தேர்ந்திருப்போம்?

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சொல் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் குறித்த பருவத்தில் மீள்வான் என்ற நம்பிக்கையுடன் ஆற்றியிருப்பது அது. நம்பிக்கை தளர்ந்தால் அதுவே நெய்தலின் இரங்கல் ஆகிவிடும். இரங்கலும் ஓய்ந்த பின்பு எஞ்சும் வெற்று இருத்தலுக்கு இலக்கணம் ஒரு திணை வகுக்கவில்லை. ‘இங்கனயே இருந்துக்கிறேன்’ என்றபோது அவர் சொன்ன இருத்தல் எதுவென்று வகுப்பில் முல்லைப்பாட்டு நடத்தும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிடுகிறோம். மாணவர்கள் ஐயா அடுத்த வரியை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நவீன இலக்கியத்திலும் தேடிப் பார்த்தோம். செவிப்புலன் மாயைகளின் கொடுமையை எம். வி. வெங்கட்ராம் ‘காதுகள்’ நாவலில் எழுதினார். 1993இல் சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. கோபிகிருஷ்ணன், சமூகப்பணி பயின்று மனநோயாளிகளிடையே பழகியவர், ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ எழுதினார். அந்நூலுக்குத் தமிழ் வாசகர்கள் இன்னும் உரிய கடனைத் தீர்க்கவில்லை என்பது நம் கருத்து. எனினும் நாம் படித்த அளவில், பித்துக்குள் நுழைவதைப் பற்றி எழுதிய அளவுக்கு, பித்திலிருந்து மீண்டபின் எங்கே போவது என்பதைப் பற்றி நம்மவர் எழுதவில்லை. பித்தை ஞானத்தின் உருவகமாக்கிக்கொண்டாடும் கவிதைகளுக்குக் குறைவில்லை. உருவகத்திற்கு வாடகை வீடு தேவைப்படுவதில்லை.

இனி, கேள்வியை மாற்றினால் விடை மாறும் என்று சொன்னோமே, அதற்குச் சான்று வேண்டும். இலண்டனின் வடபகுதியில் ஃப்ரையர்ன், கிளேபரி என்ற இரு பழம்பெரும் மனநல மருத்துவமனைகளை மூட முடிவு செய்தபோது, 1985இல் ஜூலியன் லெஃப் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. பல ஆண்டு, பல பத்தாண்டு உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோரைச் சிறு சிறு வீடுகளில் குடியமர்த்தி, ஐந்தாண்டு வரை பின்தொடர்ந்தார்கள். நோய்க்குறிகள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் அவர்களுக்கு நண்பர்கள் கூடினர்; அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது; பெரும்பான்மையினர் அந்த வீடுகளிலேயே இருக்க விரும்புவதாகச் சொன்னார்கள். நோய் அப்படியே இருக்க, விருப்பம் மட்டும் மாறியது. விங் கண்டதன் மறுபக்கம் இது.

இத்தாலியில் ட்ரியெஸ்தே நகரத்து மருத்துவமனைக்கு 1971இல் ஃப்ராங்கோ பசாலியா பொறுப்பேற்றபோது, அங்கே ஏறத்தாழ 1,200 பேர் இருந்தார்கள். அவர் செய்தவற்றுள் நம்மைக் கவர்ந்தது ‘விருந்தினர்’ என்ற ஏற்பாடு. நோயாளி என்ற நிலை நீங்கியவர், ஆனால் போக இடமில்லாதவர், அதே வளாகத்தில் விருந்தினராகத் தங்கலாம்; வரலாம், போகலாம். நோயாளியா என்ற கேள்வியையும் வீடிருக்கிறதா என்ற கேள்வியையும் அவர் பிரித்துவிட்டார். நம் நாட்டில் இரண்டும் ஒன்றாகவே பின்னிக் கிடக்கின்றன: வீடு ஏற்கவில்லை, ஆகவே நோயாளி. 1978 மே மாதம் இத்தாலி நிறைவேற்றிய 180ஆம் எண் சட்டம் மனநோய்க் காப்பகங்களில் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்தியது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். அமெரிக்காவில் 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,60,000 பேர் இருந்தனர். அடுத்து வந்த பத்தாண்டுகளில் வாசல்கள் திறந்தன. வெளியே வீடுகள் போதிய அளவில் அமையவில்லை. பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இங்கும் 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மருத்துவமனைக்கு வெளியே இருப்பதெல்லாம் விடுதலை அன்று. ஆகவே ‘வேண்டாம்’ என்பவரைப் பிடித்துத் தள்ளச் சொல்லவில்லை நாம். முதுமையில், நடை தளர்ந்து, அறுபதாண்டு வாழ்வில் நாற்பதை அங்கே கழித்தவர் அங்கேயே கண்மூட விரும்பினால், அதுவும் மதிக்கவேண்டிய விருப்பமே. மதிப்பதற்கு முன்பு, அவருக்கு வேறொன்றைக் காட்டினோமா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு பண்டம் உள்ள கடையில் நின்று ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று கேட்பது மரியாதை ஆகாது.

சட்டம் இப்போது நம்மை முந்திச் செல்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதிகள் இல்லை என்பவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் கோப்பில் ‘விருப்பமில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பிரிவு வாயடைத்து நிற்கும் என்ற அச்சம் நமக்குண்டு. குடும்பம் ஏற்கவில்லை என்று எழுதினால் அது குடும்பத்தின் குற்றம். வீடில்லை என்று எழுதினால் அது அரசின் குற்றம். விருப்பமில்லை என்று எழுதினால் யாருடைய குற்றமும் இல்லை.

அவர்களுக்கு விருப்பத்தைச் சொல்லத் தெரியாது என்பாரும் உளர். 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் காப்பகத்தின் உள்நோயாளிகள் 150க்கும் மேற்பட்டோர் வளாகத்திலேயே அமைந்த வாக்குச்சாவடியில் வாக்களித்தார்கள். வேட்பாளர் பெயர்களும் சின்னங்களும் முன்னால் இருந்தன. முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினார்கள். நாட்டை யார் ஆள்வது என்பதைக் கூறத் தெரிந்தவருக்குத் தான் எங்கே உறங்குவது என்பதைக் கூறத் தெரியாதா? வேறுபாடு கேட்கும் முறையில் இருக்கிறது.

சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பானியன்’ என்னும் அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் நடத்தும் ஏற்பாடு இவ்வகையில் கருதத்தக்கது. நெடுங்காலம் நிலையங்களில் இருந்த நாலைந்து பேர் சேர்ந்து, ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில், உதவியாளர் ஒருவரின் துணையோடு குடியிருக்கிறார்கள். தாங்களே சமைக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இது ஒரு நல்ல முன்மாதிரியாக இடம்பெற்றிருக்கிறது. குடும்பம் என்றால் பிறந்த குடும்பம்தான், வீடு என்றால் தந்தை வீடுதான் என்று நம்மவர் பிடிவாதமாக நினைப்பதனாலேயே பாதிப்பேர் உள்ளே கிடக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

சித்தப்பா வேறோர் அமைப்பு நடத்திய அத்தகைய வீடொன்றிற்குப் போனார். 2019இல் அந்த அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் அவரிடம் வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்கவே இல்லை. “சனிக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போறோம் அண்ணாச்சி, கூட வாங்க, சாயங்காலம் டீக்குத் திரும்பிடலாம்” என்றாராம். போனார். திண்ணையில் உட்கார்ந்துவிட்டு டீக்குத் திரும்பிவிட்டார். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாம் முறை போக மறுத்தார், யாரும் வற்புறுத்தவில்லை. நான்காம் முறை இரவு தங்கினார், உறங்கவில்லை. ஐந்தாம் முறை அவரே ஒரு நிபந்தனை சொன்னார்: பக்கத்துக் கட்டில்காரரும் வருவதானால் தாமும் வருவார். 17 ஆண்டுகளாக அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். இப்படி ஒரு நண்பர் அவருக்கு இருப்பது, 2013இல் அண்ணனும் அண்ணன் மகனுமாகப் போய் ‘வருகிறாயா’ என்று நின்ற நமக்குத் தெரியாது. அன்று நாம் அழைத்தது அவர் ஒருவரை மட்டும்.

முதல் ஆண்டு அவர் கதவைத் தாமாகத் திறக்கமாட்டார். யாராவது திறக்கும்வரை பக்கத்தில் நிற்பார் என்று உதவியாளர் சொன்னார். இரவில் எழுந்து தண்ணீர்ப் பானை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் உண்டு. பாட்டி இறந்ததை அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் நாம் சொன்னோம். “தெரியும்” என்றார், எப்படித் தெரியும் என்று நாம் கேட்கவில்லை.

சென்ற பொங்கலுக்கு அவரை நம் வீட்டிற்கு அழைக்க நேரில் போயிருந்தோம். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை இடித்து, சன்னல் வைத்து வேறு கட்டியிருக்கிறோம் என்பதையும் சொன்னோம். கேட்டுக்கொண்டார். “வேண்டாம் தம்பி. பக்கத்து வீட்டுக்காரங்க கோலத்துக்குச் சாணி கேட்டிருக்காங்க, வாங்கிட்டு வரணும். அவரும் சந்தைக்குப் போயிருக்காரு, சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நம்மை உட்காரச் சொல்லிவிட்டு அதைப் பார்க்க உள்ளே போனார்.